தொகுதி எல்லை மாறும்போது நம் தோட்டம் துண்டாகாமல் இருக்க: முதல் தடவை மனுக் கொடுப்பவர்களுக்கு

தேர்தல் தொகுதி எல்லையை மாற்றி வரையப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தாலே நம் ஆட்களில் பாதிப் பேர் "அதெல்லாம் மேலிடத்து வேலை, நாம என்ன செய்ய முடியும்" என்று எழுந்து போய்விடுவார்கள். மீதிப் பேர் எல்லாம் முடிந்து கெஜட்டில் வந்த பிறகு வாட்ஸ்அப்பில் கொதிப்பார்கள். இதற்கு இடையில், ஆணையம் தன் பரிந்துரையை அறிவித்த நாளிலிருந்து ஒரு மாத அவகாசம் உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் பாதிக்கப்படும் தொகுதியைச் சேர்ந்த 100 வாக்காளர்கள் சேர்ந்து ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால், தேர்தல் ஆணையம் உள்ளூர் விசாரணை நடத்தியே ஆக வேண்டும். யாரும் நமக்குச் செய்யும் தயவு இல்லை இது, மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 13-வது அட்டவணையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரன். ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் பால்மரம், இப்போது செம்பனை. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்தவர்களில் பலர் தாமான் (வீடமைப்புப் பகுதி) வீடுகளுக்குப் போய்விட்டார்கள், ஆனால் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. இப்படிப்பட்ட ஊர்களில் வரைபடத்தில் ஒரு கோடு அரை கிலோமீட்டர் நகர்ந்தாலே ஒரே கோயில் கமிட்டி இரண்டு தொகுதிக்குப் போய்விடும். அதனால்தான் இதை எழுதுகிறேன். நம்மைப் பிரிக்க வேண்டாம் என்று கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் நோட்டீஸ் வருவதற்கு முன்பே வேலையை ஆரம்பித்தவர்களுக்குத்தான் அது பயன்படும்.

ஏன் இப்போதே ஆரம்பிக்க வேண்டும்

மேற்கு மலேசியாவின் இப்போதைய எல்லைகளை 2018 மார்ச் 28-ம் தேதி மக்களவை ஏற்றுக்கொண்டது. அடுத்த நாளே கெஜட்டில் வந்து, ஆறே வாரத்தில் மே 9 பொதுத்தேர்தலும் நடந்து முடிந்தது. ஒரு எல்லைச் சீரமைப்பு முடிந்து 8 ஆண்டுகளாவது கழிந்த பிறகுதான் அடுத்ததைத் தொடங்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 113-வது பிரிவு. கணக்குப் போட்டால் 2026 மார்ச்சுடன் அந்த 8 ஆண்டு முடிகிறது. தொடங்கிவிட்டால் 2 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

இதில் இன்னொரு விஷயம். 18 வயது வாக்குரிமையும் தானியங்கிப் பதிவும் 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த பிறகு வாக்காளர் எண்ணிக்கை 1 கோடியே 49 லட்சத்திலிருந்து 2 கோடியே 11 லட்சத்துக்குப் போய்விட்டது. 2022 தேர்தலில் சிலாங்கூரில் பாங்கி தொகுதிக்கு 3 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள், அதே மாநிலத்தின் சபாக் பெர்ணத்துக்குச் சுமார் 50 ஆயிரம். இந்த ஏற்றத்தாழ்வைச் சரி செய்யத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் எண்ணிக்கையைச் சரிக்கட்ட வெட்டி ஒட்டும்போது, இரண்டு பட்டணங்களுக்கு நடுவில் கிடக்கும் தோட்டங்களையும் கம்பங்களையும் (கிராமங்களையும்)தான் இடம் நிரப்பத் தூக்கிப் போடுவார்கள் என்பது என் பயம்.

முதலில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

தேர்தல் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் செமாக் இணையப் பக்கத்தில் ஐசி (அடையாள அட்டை) எண்ணைப் போட்டால் உங்கள் லோக்காலிட்டி, வாக்களிப்பு வட்டாரம் (அங்கே டேரா மெங்குண்டி என்று இருக்கும்), சட்டமன்றத் தொகுதி, நாடாளுமன்றத் தொகுதி எல்லாம் வரும். எங்கள் நாடாளுமன்றத் தொகுதியின் எண் 062. அதற்குள் இரண்டு சட்டமன்றத் தொகுதிகள், லிந்தாங், ஜாலோங்.

உங்களுடையதை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். அண்ணன், தங்கச்சி, மாமா, எதிர்வீட்டு அக்கா என்று பத்துப் பதினைந்து பேரிடம் அவரவர் போனிலேயே பார்க்கச் சொல்லி, எந்த வட்டாரம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எல்லை மாற்றும்போது பெரும்பாலும் வாக்களிப்பு வட்டாரத்தை முழுசாகத்தான் இங்கிருந்து அங்கே தூக்கி வைப்பார்கள். ஆகவே உங்கள் தோட்டம் இப்போதே இரண்டு வட்டாரமாகப் பிரிந்திருக்கிறதா என்பது முக்கியமான கேள்வி. பிரிந்திருந்தால் ஆபத்து அதிகம்.

அப்புறம் ஒரு பெரிய காகிதம்

என்னைக் கேட்டால் இந்த முழு வேலையிலும் இதுதான் உயிர். மற்றதெல்லாம் படிவம் நிரப்புகிற வேலை.

கோயில் மண்டபத்திலோ பாலாய்ராயாவிலோ (ஊர்ப் பொது மண்டபத்திலோ) ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்களைக் கூப்பிடுங்கள். மணிலா அட்டை நான்கை ஒட்டித் தரையில் விரித்து, நடுவில் உங்கள் தோட்டம், சுற்றிலும் சாலை, ஆறு, ரயில் தண்டவாளம், பட்டணம் என்று கைக்கு வந்தபடி வரையச் சொல்லுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. கூகுள் மேப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

வரைந்த பிறகு கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பிள்ளைகள் எந்தத் தமிழ்ப்பள்ளிக்குப் போகிறார்கள், பஸ் எந்த வழியாகப் போகிறது? காய்ச்சல் என்றால் எந்த கிளினிக்? ஆயக்கொட்டகை (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) மூடிய பிறகு குழந்தைகளை எங்கே விடுகிறார்கள்? திருவிழாவில் சாமி ஊர்வலம் எந்தெந்த லயத்தைச் சுற்றி வருகிறது? சாவு வீட்டுக்கு முதலில் வந்து பந்தல் போடுவது எந்தப் பக்கத்து ஆட்கள்? குப்பை அள்ளாவிட்டால், சாலையில் விளக்கு எரியாவிட்டால் யாரிடம் போகிறார்கள்? ஒவ்வொரு பதிலுக்கும் அட்டையில் ஒரு கலர் பேனாவால் கோடு இழுங்கள்.

எங்கள் பக்கம் ஒரு தோட்டத்தில் இப்படிச் செய்தபோது, பள்ளிக்கூடக் கோடும் கோயில் கோடும் கிளினிக் கோடும் எல்லாம் ஒரே செம்மண் பாதை வழியாகப் பட்டணத்தைப் பார்த்தே போயின. எதிர்ப்பக்கம், ஆற்றைத் தாண்டி, ஒரு கோடுகூடப் போகவில்லை. கூட்டத்தில் இருந்த ஒரு பாட்டி, பால்வெட்டுக்குப் போன காலத்திலிருந்து அங்கே இருப்பவர், "அந்தப் பக்கம் எனக்கு யாரு இருக்கா, கடனுக்கு அரிசி குடுக்கக்கூட ஆள் இல்லையே" என்றார். சட்டம் கேட்கிற ஆதாரம் இதுதான். 13-வது அட்டவணையில் எல்லை வரைவதற்கான கொள்கைகள் இருக்கின்றன. தொகுதிகள் மாநில எல்லையைத் தாண்டக் கூடாது, பதிவுக்கும் வாக்களிப்புக்கும் நிர்வாக வசதி வேண்டும், ஒரு மாநிலத்துக்குள் வாக்காளர் எண்ணிக்கை ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும், உள்புறப் பகுதிகளுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. அதோடு, எல்லை மாற்றத்தால் வரும் அசௌகரியத்தையும் உள்ளூர்ப் பிணைப்புகளைக் காப்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. மனுவை மலாயில் எழுதும்போது இந்தக் கடைசி விஷயத்துக்கு 'ஹுபுங்கான் தெம்பாத்தான்' (hubungan tempatan) என்ற சொல்லைப் போடுங்கள்.

அட்டையைப் போட்டோ எடுத்து வையுங்கள், தேதியும் எழுதி வையுங்கள்.

எல்லார் கருத்தையும் கேளுங்கள், ஒத்துவராததையும்

கூட்டம் போட்டால் எல்லாரும் ஒரே குரலில் பேசுவார்கள் என்று நினைக்க வேண்டாம். "இரண்டு தொகுதியானால் இரண்டு ஒய்பி, இரண்டு பக்கமும் கேட்கலாமே" என்று ஒரு தம்பி எழுந்து கேட்பார் (ஒய்பி என்றால் மக்கள் பிரதிநிதி). நல்ல கேள்விதான். என் பதில், நூறு வீட்டுக்கு ஒரு ஒய்பி வந்து நிற்பார், ஐம்பது ஐம்பதாகப் பிரிந்தால் இரண்டு பேரும் "அது அந்தத் தொகுதி" என்று மற்றவரைக் காட்டிவிடுவார்கள். ஆனாலும் அந்தத் தம்பி சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தாமானுக்குக் குடிபோன இளைஞர்கள், பழைய தோட்டத்தோடு சேர்த்து வைக்காமல் புதிய வீடமைப்புப் பகுதியோடு இருக்கவே விரும்பலாம். அதுவும் நியாயமான கருத்துதான். இதையெல்லாம் மறைத்து எழுதிவிட்டு விசாரணையில் யாராவது எழுந்து மாற்றிச் சொன்னால் மொத்த மனுவும் ஆடிப்போய்விடும்.

இன்னொன்று, இதை இந்தியர் பிரச்சினையாக மட்டும் எழுதாதீர்கள். நாட்டில் இந்திய வாக்காளர்கள் பெரும்பான்மையாக இருக்கும் நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை, அதனால் சிதறினால் நம் குரல் இன்னும் சன்னமாகும் என்ற கவலை எனக்கும் உண்டு. ஆனால் அட்டவணை இனத்தைப் பற்றிப் பேசவில்லை, ஊரைப் பற்றிப் பேசுகிறது. எங்கள் பக்கமே பாருங்கள். அதே சாலையில் மலாய் கம்பம், அதே பட்டணத்தில் சீனர் கடைகள், உலு (ஆற்றின் மேல்பகுதி) பக்கத்திலிருந்து சாமான் வாங்க இறங்கி வரும் தெமியார் ஓராங் அஸ்லி (பூர்வகுடி) மக்கள். அவர்களும் அதே ஊரைச் சேர்ந்தவர்கள். கம்பத்துப் பெரியவரிடமும் கடைக்காரரிடமும் போய்ப் பேசுங்கள், அவர்களும் கையெழுத்துப் போட்டால் மனுவுக்கு இருக்கும் பலமே வேறு.

நோட்டீஸ் வந்த நாளிலிருந்து

கெஜட்டிலும், தொகுதியில் புழங்கும் குறைந்தது ஒரு பத்திரிகையிலும் அறிவிப்பு வரும். எந்த இடத்தில் வரைபடத்தைப் பார்க்கலாம் என்பதும் அதில் இருக்கும். அன்றே கிளம்பிப் போங்கள். பழைய வரைபடத்தையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, உங்கள் நோட்டில் எழுதிய வட்டாரங்களின் பெயர் எந்தத் தொகுதிக்குக் கீழே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். தொகுதியின் பெயர் மாறாமல் இருக்கும், உள்ளே இருக்கும் வட்டாரம் மாறியிருக்கும், அதனால் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

வெட்டு விழுந்திருந்தால் நூறு பெயர் சேர்க்க வேண்டும். நூறு என்பது சரியாக நூறு என்று நிறுத்திவிடாதீர்கள், நூற்றைம்பது வரை வாங்குங்கள். சிலர் ஊரில் இருப்பார்கள், வாக்கு வேறு தொகுதியில் இருக்கும். சிலர் ஐசி எண்ணை ஒரு இலக்கம் மாற்றி எழுதிவிடுவார்கள். இப்படிப் பத்து இருபது கழிந்தாலும் நூறு நிற்க வேண்டும். கையெழுத்து வாங்கும் இடத்திலேயே மைஎஸ்பிஆரில் பார்த்து டிக் போட்டுவிடுங்கள். ஐசியில் உள்ள பெயர், ஐசி எண், தொகுதி, கையெழுத்து, இவ்வளவு போதும். அந்தத் தாள்களைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடவே கூடாது. நூறு பேருடைய ஐசி எண் அது, ஒரே ஒருவர் பொறுப்பில் ஃபைலில் பூட்டி வையுங்கள்.

மனுவில் என்ன எழுத வேண்டும்

இரண்டு பக்கம் போதும். எந்த வட்டாரம், எந்தத் தொகுதியிலிருந்து எந்தத் தொகுதிக்கு மாற்றப்படுகிறது என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். அடுத்து உங்கள் அட்டையில் இருக்கும் விஷயங்கள். "எங்கள் வட்டாரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி, நாங்கள் போகும் கிளினிக், கோயில், சந்தை எல்லாம் இப்போதைய தொகுதியில் உள்ளன. புதிய தொகுதியின் பக்கம் போக நேரடிச் சாலை இல்லை." இந்த மாதிரி, பார்த்து உறுதி செய்யக்கூடிய வாக்கியங்கள். கட்சி பெயரோ, யார் ஜெயிப்பார் யார் தோற்பார் என்பதோ ஒரு வரிகூட வேண்டாம்.

பலரும் விட்டுவிடுவது மாற்று யோசனை. எங்களை எடுக்காதீர்கள் என்றால் எண்ணிக்கை எப்படிச் சமமாகும் என்ற கேள்வி உடனே வரும். அதற்குப் பதில் இல்லாமல் போகாதீர்கள். எல்லை ஓரத்தில் இருக்கும் எந்த வட்டாரம் இயல்பாகவே அடுத்த தொகுதிப் பட்டணத்தைப் பார்த்து வாழ்கிறது, அதில் எத்தனை வாக்காளர், அதை மாற்றினால் இரண்டு தொகுதியின் கணக்கும் எப்படி வரும் என்று எழுதுங்கள். ஆனால் அந்த வட்டாரத்து மக்களைக் கேட்காமல் எழுதக் கூடாது. நமக்கு வேண்டாம் என்பதை அவர்கள் தலையில் கட்டுவது சரியில்லை.

விசாரணை நாள்

மலாயில் சரளமாகப் பேசும் ஒருவர், ஊரில் நீண்ட நாள் இருந்த ஒரு பெரியவர், தினமும் அந்தச் சாலையில் பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப் போகும் ஒரு அம்மா, இந்த மூவரைத் தயார் செய்தால் நல்லது. அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். பேச்சைச் சுருக்கி, முதல் இரண்டு நிமிடத்திலேயே வரைபடத்தைக் காட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு ஆணையம் பரிந்துரையைத் திருத்தினால் திருத்தியதையும் மறுபடி காட்சிக்கு வைக்க வேண்டும், மறுபடி ஒரு மாதம், மறுபடி ஆட்சேபிக்கலாம். ஆனால் உள்ளூர் விசாரணையை இரண்டு தடவைக்கு மேல் நடத்த வேண்டிய கட்டாயம் ஆணையத்துக்குக் கிடையாது. முதல் சுற்றில் ஜெயித்துவிட்டோம் என்று கலைந்து போய்விடாதீர்கள், இரண்டாவது வரைபடத்தில் வேறு இடத்தில் வெட்டு விழலாம்.

எல்லாம் முடிந்து அறிக்கை பிரதமரிடம் போகும், அவர் மக்களவையில் வைப்பார். மொத்த உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாதவர்கள் ஆதரித்தால் நிறைவேறும், 222 பேரில் 111. 2018-ல் 129 பேர் ஆதரவு, 80 பேர் எதிர்ப்பு. அந்த வாக்கெடுப்பில் உங்கள் எம்பியும் உட்கார்ந்திருப்பார், ஆகவே மனுவின் ஒரு பிரதியை, ஐசி எண்கள் உள்ள தாளை எடுத்துவிட்டு, அவருடைய சேவை மையத்தில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஆணையத்துக்குக் கொடுக்கும் பிரதியிலும் அப்படியே, தேதியோடு முத்திரை இல்லாமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.