அபூர்வமான பெயருக்கு அர்த்தம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு அபூர்வமான பெயர் காதில் விழுகிறது, பிடித்துப்போகிறது. உடனே கைபேசியை எடுத்துப் பெயரைத் தட்டி, பக்கத்தில் 'அர்த்தம்' என்று சேர்த்துத் தேடுகிறோம். நொடியில் பதில் வந்துவிடும்: ஒளி, தேவதை, அழகானவள், வெற்றி வீரன். எந்த மொழிப் பெயர், எவ்வளவு பிரபலம், அதிர்ஷ்ட எண் என்ன என்பது வரை எல்லாம் இருக்கும். பரவலாக வைக்கிற பெயர் என்றால் அந்தப் பதிலில் தப்பு இருந்தால் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். அபூர்வப் பெயருக்கு அப்படி யாரும் வருவதில்லை. அதனால் ஒரு பெயர் எவ்வளவு அரிதோ அவ்வளவு கவனமாக அதைப் பற்றி எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். பல வருடமாகப் பெயர்களைத் துருவிக்கொண்டிருக்கிறேன், திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிற தவறுகளை இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, "ஐந்து தளத்தில் பார்த்துவிட்டேன், ஐந்திலும் இதே அர்த்தம்தான்" என்று நிம்மதி அடைவது. ஐந்தும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதாக இருந்தால் அது ஐந்து சாட்சி ஆகாது, ஒரே சாட்சிதான். கண்டுபிடிப்பது சுலபம். வாக்கியம் அப்படியே இருக்கிறதா, எழுத்துப்பிழைகூட மாறாமல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். எந்த மொழியில் எந்தச் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்லாமல் வெறும் 'ஒளி' என்று மட்டும் போட்டிருந்தால் அதை எடுத்துக்கொள்ளவே வேண்டாம். மூலச்சொல் சொன்னால்தான் அகராதியைத் திறந்து சரிபார்க்க முடியும். சமஸ்கிருதம் என்று சொன்னால் மோனியர் வில்லியம்ஸ் அகராதி இருக்கிறது, தமிழ் என்று சொன்னால் 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இருக்கிறது, இரண்டையும் இணையத்தில் இலவசமாகவே தேடலாம். ஐந்து நிமிட வேலை.

அடுத்தது, எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று பார்க்காமல் விடுவது. வனெஸ்ஸா என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 'கிரேக்கப் பெயர், பட்டாம்பூச்சி என்று பொருள்' என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். உண்மையில் அயர்லாந்து எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட், தன் தோழி எஸ்தர் வான்ஹோம்ரியின் குடும்பப் பெயரில் இருந்த 'வான்' என்பதையும் எஸ்தர் என்பதன் செல்லச் சுருக்கத்தையும் ஒட்டிச் செய்த பெயர் அது, 1726-ல் அச்சான அவருடைய கவிதை ஒன்றின் வழியாகத்தான் வெளியே தெரிந்தது. அப்படியானால் பட்டாம்பூச்சி எங்கிருந்து வந்தது? 1807-ல் டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் ஒரு பட்டாம்பூச்சிப் பேரினத்துக்கு இந்தப் பெயரைச் சூட்டினார். அதாவது பெண்ணின் பெயர்தான் பட்டாம்பூச்சிக்குப் போனது. காலவரிசையை ஒரு தடவை பார்த்திருந்தால் தலைகீழாக எழுதியிருக்க மாட்டார்கள்.

இமோஜென் இன்னும் சுவாரசியம். ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில் வருகிற பெயர், 1623-ல் அச்சான தொகுப்பில் இமோஜென் என்றே இருக்கிறது. ஆனால் 1611-ல் அந்த நாடகத்தைப் பார்த்த ஒருவர் தன் குறிப்பில் இன்னோஜென் என்று எழுதிவைத்திருக்கிறார். ஆங்கிலக் கையெழுத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு 'என்' எழுத்துகள் 'எம்' மாதிரித் தெரியும், அச்சுக் கோர்த்தவர் அப்படிப் படித்துவிட்டார் என்றுதான் அறிஞர்கள் பலரும் கருதுகிறார்கள். ஒரு அச்சுப்பிழை நானூறு வருடமாக உயிரோடு இருக்கிற பெயராகிவிட்டது! எனக்கு இது அந்தப் பெயரின் அழகைக் கூட்டுகிறது. ஆனால் இந்தக் கதை தெரியாமல் இமோஜென் என்ற எழுத்துக்கூட்டை மட்டும் வைத்து வேர்ச்சொல் தேடினால் எங்கேயாவது போய் முட்டிக்கொள்வோம்.

தமிழில் தேடுகிறவர்கள் அதிகமாக விழுகிற குழி எழுத்துதான். 'தாரா' என்று எழுதுகிறோம். இந்த இரண்டே எழுத்துக்குள் எத்தனை பெயர் இருக்கிறது தெரியுமா? சமஸ்கிருதத்தில் முதல் எழுத்தை வல்லினமாகச் சொன்னால் நட்சத்திரம். அதையே மூச்சை அழுத்தி, 'தர்மம்' என்பதில் வருகிற ஒலியோடு சொன்னால் நீரொழுக்கு, நாம் 'தாரை தாரையாக' என்கிறோமே அந்தத் தாரை. பாரசீகத்தில் அது ஆண் பெயர், டேரியஸ் என்று ஐரோப்பியர்கள் எழுதுகிற அரசப் பெயரின் இன்னொரு வடிவம். அயர்லாந்தில் கருவாலி மரத்தோடு தொடர்புள்ள பெயர். நான்குக்கும் நம் எழுத்தில் ஒரே உருவம். ஆங்கில எழுத்தில் போனால் வேறு மாதிரிச் சிக்கல் வரும். வாணி என்றால் பேச்சு, கலைமகள். வானி என்றால் 'வான்' என்ற சொல்லின் பக்கம் போகும். ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் இரண்டும் ஒன்றுதான். ல, ள, ழ மூன்றையும் ஒரே எழுத்தில் அடக்குகிற தளத்தில் அர்த்தம் பார்க்கும்போது, நம் பெயருக்கான அர்த்தத்தைத்தான் படிக்கிறோமா என்பதே தெரியாது. எனவே பொருள் தேடுவதற்கு முன்னால், அந்தப் பெயர் அதன் சொந்த மொழியில், சொந்த எழுத்தில் எப்படி எழுதப்படுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இதைச் செய்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இதோடு சேர்ந்ததுதான், ஒலி ஒத்துப்போனால் உறவு என்று முடிவுகட்டுவதும். கிரண் என்றால் சமஸ்கிருதத்தில் ஒளிக்கதிர். அயர்லாந்துப் பெயரான கீரன், கருமையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. சங்கப் புலவர் நக்கீரன் பெயரில் இருக்கிற கீரன் தமிழ்ப் பெயர். மூன்றும் காதுக்குப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, ஆனால் ஒன்று வெளிச்சம், இன்னொன்று இருட்டு, மூன்றாவதற்கு இரண்டோடும் சம்பந்தம் கிடையாது. "உலகின் எல்லா மொழியிலும் இந்தப் பெயர் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் நம் மொழிதான் மூலம்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மனிதர்களால் எழுப்ப முடிகிற ஒலிகள் கொஞ்சம்தான், பெயர்களோ சின்னவை, தற்செயலாக ஒத்துப்போகத்தான் செய்யும்.

பெயரைப் பிரித்து வாக்கியமாகப் படிப்பதும் எல்லா மொழிக்கும் பொருந்தாது. பழைய ஜெர்மானியப் பெயர்களில் இது நன்றாகத் தெரியும். ஹில்டெகுண்ட் என்ற பெயரில் முதல் பாதியும் போர், இரண்டாம் பாதியும் போர். ஃப்ரெடெகுண்ட் என்றால் அமைதி, போர். இதற்கு என்ன அர்த்தம் சொல்வது? 'அமைதிக்காகப் போராடுபவள்' என்று அழகாக எழுதிவிடுவார்கள், ஆனால் அந்தக் காலத்தில் அப்படி அர்த்தம் பார்த்து இணைக்க வேண்டிய கட்டாயமே இல்லை. பதினோராம் நூற்றாண்டு ஆங்கிலேயப் புனிதர் வுல்ஃப்ஸ்டன் பெயரைப் பிரித்தால் ஓநாய், கல். ஓநாய்க் கல் என்று ஒன்றும் கிடையாது. அவர் அம்மா பெயர் வுல்ஃப்கிஃபு, அப்பா பெயர் எத்தல்ஸ்டன். அம்மாவின் முன்பாதி, அப்பாவின் பின்பாதி, அவ்வளவுதான். அந்தப் பெயரின் உண்மையான பொருள் 'இவர்கள் இருவரின் பிள்ளை' என்பதுதான், எந்த அகராதியிலும் அது கிடைக்காது.

சிலர் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள், வேர்ச்சொல்லைக் கண்டுபிடித்துப் பயந்துவிடுகிறார்கள். சிசீலியா என்ற பெயருக்குப் பின்னால் 'பார்வையற்ற' என்ற லத்தீன் சொல் இருக்கிறது, கிளாடியாவுக்குப் பின்னால் 'நொண்டுகிற' என்ற சொல். இரண்டுமே பழைய ரோமானியக் குலப்பெயர்களிலிருந்து வந்தவை. அந்தக் குலங்கள் புகழோடு இருந்த காலத்திலேயே அந்தப் பழைய பொருளுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது, பெயர் பெயராக மட்டும் நின்றது. சொல்லின் பொருள் வேறு, அதைப் பெயராக வைத்தவர்கள் மனதில் இருந்தது வேறு.

சரி, இனி பிரபலம். ஒரு பெயர் எவ்வளவு அரிது என்பதற்கு இணையத்தில் காட்டப்படும் எண்ணிக்கை பெரும்பாலும் அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் தரும் பட்டியலிலிருந்து வருகிறது. 1880 முதல் பிறந்தவர்களின் பெயர்கள் அதில் உண்டு. ஆனால் ஒரு வருடத்தில் ஐந்து குழந்தைகளுக்காவது வைத்திருந்தால்தான் பெயர் வெளியிடப்படும், தனியுரிமைக்காக. இங்கிலாந்து, வேல்ஸ் பட்டியலில் அந்த எல்லை மூன்று. எனவே பட்டியலில் இல்லை என்றால் யாருக்குமே அந்தப் பெயர் இல்லை என்று அர்த்தமாகாது. 2020-க்கான பட்டியலில் நைஜல் இல்லை என்றதும், 'அந்த வருடம் ஒரு நைஜல்கூடப் பிறக்கவில்லை' என்று செய்தி பரவியது. மூன்றுக்குக் குறைவு என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரியும்.

இன்னொன்று, அந்த அமெரிக்கப் பட்டியல் சமூகப் பாதுகாப்பு அட்டைக்கான விண்ணப்பங்களிலிருந்து எடுக்கப்படுவது, 1937-க்கு முன் பிறந்த பலர் அந்த அட்டைக்கு விண்ணப்பிக்கவே இல்லை. அதனால் பழைய வருடங்களின் எண்ணிக்கையை அப்படியே நம்பி 'இந்தப் பெயர் 1890-ல் இல்லவே இல்லை' என்று சொல்ல முடியாது. எழுத்துக்கூட்டு மாறினால் தனித்தனிப் பெயராகவே எண்ணுவார்கள் என்பதையும் மறக்காதீர்கள். ஒரே ஒலியுள்ள பெயரை நான்கு விதமாக எழுதினால் நான்கும் தனித்தனியாக அரிதாகத் தெரியும், கூட்டிப் பார்த்தால் வகுப்புக்கு ஒருவர் இருப்பார். 'ஒரே வருடத்தில் மூன்று மடங்கு உயர்வு' என்பதையும் பார்த்து மலைக்க வேண்டாம், ஐந்து பதினைந்தானால் அதுவும் மூன்று மடங்குதான்.

ஒரு நாட்டில் அரிது என்றால் எங்கும் அரிது என்று நினைப்பதும், இன்று அரிது என்றால் எப்போதும் அரிது என்று நினைப்பதும் கடைசியாகச் சொல்ல வேண்டிய இரண்டு. நெவேயா என்று ஒரு பெயர், சொர்க்கம் என்ற ஆங்கிலச் சொல்லைப் பின்னாலிருந்து எழுதினால் வருவது. 2000-ல் ஒரு இசைக்கலைஞர் தன் மகளுக்கு இந்தப் பெயர் என்று தொலைக்காட்சியில் சொன்னார். அதுவரை விரல் விட்டு எண்ணுகிற அளவில் இருந்த பெயர், 2001-ல் அமெரிக்காவில் பெண் குழந்தைகளுக்கு வைக்கப்படும் முதல் ஆயிரம் பெயர்களுக்குள் வந்தது, 2010-ல் 25-ஆம் இடம். யாரிடமும் இல்லாத பெயர் என்று 2000-ல் ஆசையாக வைத்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபோது, கீழ் வகுப்புகளில் அதே பெயரில் பலர் வந்து சேர்ந்திருப்பார்கள். அரிதாக இருப்பதுதான் உங்களுக்கு முக்கியம் என்றால் இந்த வருடத்து எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். கடந்த ஐந்தாறு வருடத்தில் அது எந்தப் பக்கம் போகிறது என்று, எல்லா எழுத்துக்கூட்டுகளையும் சேர்த்துப் பாருங்கள்.