மாட்டின் மேல் ஒன்றும் ஒட்டாமல் அதன் நடையை அளக்க

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் மாடு மேய்க்கிறவர்கள் பலரும் நொண்டல் நன்றாகத் தெரிந்த பிறகுதான் காலைத் தூக்கிப் பார்க்கிறார்கள். ஒரு கைப்பேசியும், கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை ஒன்றும் வீட்டில் இருந்தால் அதைக் கொஞ்சம் முன்னாடியே பிடிக்கலாம். காலில் டேப், ஸ்டிக்கர் எதுவும் வேண்டாம். ஒட்டினால் மாடு நக்கி எடுத்துவிடும், மிச்சம் சேற்றில் போகும், அப்படியே நின்றாலும் தோல் எலும்பின் மேல் நகர்வதால் அளவு பிசகும்.

டீப்லேப்கட் என்ற மென்பொருள், வீடியோவின் ஒவ்வொரு படத்திலும் நாம் சொன்ன உடல் புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று தானே கண்டுபிடிக்கும். அது இலவசம், 2018-ல் வெளிவந்தது. பல லட்சம் பொதுப் படங்களில் ஏற்கெனவே பழகிய செயற்கை நரம்பு வலையமைப்பை எடுத்து நம் மாட்டுக்குப் பழக்குவதால், ஏறக்குறைய 200 படங்களில் புள்ளி வைத்துக் கொடுத்தாலே வேலை ஓடிவிடும்.

ஆனால் வீடியோ சரியில்லையென்றால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. செம்பனை நிழலில் எடுக்காதீர்கள், ஓலை வழியாக விழும் வெயில் திட்டுகள் மாட்டின் முதுகில் ஓடும், குளம்பு எது வெளிச்சம் எது என்றே புரியாது. வெட்டவெளியான செம்மண் பாதைக்குக் காலையிலேயே ஓட்டிப் போங்கள், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். கைப்பேசியை முக்காலியில் பொருத்தி, மாடு குறுக்கே நடந்து போகிற மாதிரி, அதன் வயிற்று உயரத்தில் வையுங்கள். நொடிக்கு 60 படம், ஷட்டர் 500-ல் ஒரு பங்கு நொடி. மாடு நடக்கப்போகும் அதே கோட்டில் தூரத்தை அளக்க ஒரு மீட்டர் குச்சியைப் போட்டு முதலில் அதைப் படமெடுங்கள். அப்புறம் கைப்பேசியைத் தொடவே கூடாது.

புள்ளிகளைக் கொம்படி, திமில், நடுமுதுகு, இடுப்பெலும்பு, கேமரா பக்கத்துக் குளம்புகள் இரண்டு என்று வைத்தால் போதும். மூக்கில் வேண்டாம், மாடு முகர்ந்துகொண்டும் நக்கிக்கொண்டும் இருக்கும். கேமராவுக்கு அப்பாற்பக்கத்துக் கால்களையும் சேர்த்தால் இரு பக்கக் கால்களும் கடக்கிற நேரத்தில் மென்பொருள் மாற்றிப் பிடித்துவிடும், அதற்குப் பதில் மாட்டைத் திருப்பி நடத்தி மறுபக்கத்தையும் எடுங்கள். புல்லில் மறைந்த குளம்பை ஊகித்துக் குறிக்காமல் விட்டுவிடுங்கள். இந்த வேலைதான் சலிப்பானது, ஒரே ஆள் செய்தால்தான் ஒரே மாதிரி வரும். மென்பொருளைப் பழக்குவதற்கு, இணையத்திலேயே ஓடும் கூகுள் கோலேப் கணினிச் சேவை போதும்.

கடைசியில் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு புள்ளிக்கும் அது இருக்கும் இடமாக எக்ஸ் (கிடை), ஒய் (நெடுக்கு), கூடவே 0 முதல் 1 வரை ஒரு நம்பகத்தன்மை எண் கிடைக்கும். 0.6-க்குக் கீழே இருப்பதைத் தள்ளிவிடுங்கள். குளம்பின் எக்ஸ் அசையாமல் நிற்கிற படங்களை எண்ணி 60-ஆல் வகுத்தால் கால் தரையில் ஊன்றிய நேரம். வலியுள்ள காலில் மாடு குறைவாகவே ஊன்றும், நடக்கும்போது நடுமுதுகும் வளைந்து எழும். ஒரே ஒரு நடையை வைத்து முடிவு கட்டாமல் நாலைந்து முறை நடத்தி, இடது வலது நேரங்களை ஒப்பிடுங்கள். வித்தியாசம் ஒரே பக்கமாக வந்தால் குளம்பைத் தூக்கிப் பாருங்கள், கல் சிக்கியதா அழுகலா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.