குடியை விட உதவும் கூட்டத்தைத் தேடும்போது எங்கே பிழைக்கிறது?

குடியை விட வேண்டும் என்று ஒருவர் மனம் வைத்ததும் வீட்டில் முதலில் சொல்வது, "ரெண்டு கிழமை குடிக்காமல் இருந்து காட்டு, பிறகு கூட்டத்துக்குப் போகலாம்" என்பதுதான். சாராய மணத்தோடு போய் நிற்க அவருக்கும் வெட்கம். ஆனால் 1935இல் அமெரிக்காவில் தொடங்கி உலகெங்கும் பரவிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது குடியை விட விரும்புவோர் கூடி ஒருவருக்கொருவர் உதவும் ஏஏ அமைப்பு, உறுப்பினராக வருபவரிடம் கேட்பது ஒன்றே ஒன்று: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். நிறுத்திவிட்டுத்தான் வர வேண்டும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

வீட்டிலேயே நிறுத்திக் காட்டச் சொல்வதில் உயிராபத்தும் இருக்கிறது. வருடக்கணக்காக நாள்தோறும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால், ஆறு மணித்தியாலத்துக்குள்ளேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலர் இல்லாததைக் கண்டு பயந்து பிதற்றுவார்கள். அதைப் பேய் என்று நினைத்து நூல் கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஆளையே இழக்க நேரிடும். இலங்கையில் 1990க்கு அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள். நிறுத்துவதற்கு முன்பே வைத்தியரைப் பார்ப்பது இன்னும் நல்லது. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. எந்தக் கூட்டம் எங்கே, எந்தக் கிழமையில் நடக்கிறது என்று விசாரிக்கவும் அவையே நல்ல இடம். 1926 என்ற தேசிய உளநலத் தொலைபேசி இலக்கத்துக்கும் அழைக்கலாம். கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் மாறக்கூடியவை. போவதற்கு முன் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்த பிழை, தெரிந்த முகமே இல்லாத இடமாகத் தேடுவது. யாழ்ப்பாணத்தில் இந்தப் பயம் சும்மா வருவதில்லை. ஒழுங்கை முகப்பில் சைக்கிளை நிறுத்தினாலே, "ஏன் அங்கை போனவர்?" என்ற கேள்வி வீட்டுக்கு வந்துவிடும். அதனால் சிலர் கொழும்பில் கூட்டம் தேடுவார்கள். கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். ஒருமுறை போவார்கள், இரண்டாம் முறை பஸ் காசு, லீவு என்று ஏதாவது தடுக்கும். தொடக்கத்தில் 90 நாளில் 90 கூட்டம் என்று ஏஏ பழைய உறுப்பினர்கள் சொல்வது வழக்கம். அந்தக் கணக்கை எல்லாராலும் எட்ட முடியாது. ஆனாலும் அடிக்கடி போய் இருப்பதில்தான் பலன் என்பது அவர்கள் பட்டறிந்தது. ஆகவே, நினைத்தவுடன் போய்ச் சேரக்கூடிய கூட்டமே உங்களுக்குச் சரியான கூட்டம். அங்கே தெரிந்தவர் ஒருவர் இருந்தால், அவரும் உங்களைப் போலக் குடியை விடத்தான் வந்திருக்கிறார். கூட்டத்தில் யாரைக் கண்டோம், என்ன கேட்டோம் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது அங்குள்ள எல்லாருக்கும் பொதுவான நெறி. அப்போதும் பயமென்றால், 'மூடிய கூட்டம்' எது என்று கேளுங்கள். குடிப்பிரச்சினை உள்ளவர்கள் மட்டுமே அதில் இருக்கலாம். 'திறந்த கூட்டத்தில்' மனைவி, நண்பர், வேடிக்கை பார்க்க வந்தவர் என்று யாரும் இருக்கலாம்.

கிட்டத்தில் கூட்டமே இல்லையா? தமிழ்நாட்டுக் குழுக்கள் இணையத்தில் தமிழிலேயே கூட்டம் நடத்துகின்றன. நேரமும் எங்கள் நேரம்தான், கணக்குப் பார்க்கத் தேவையில்லை. கனடாவில் இருக்கும் அண்ணன் சொல்லும் கூட்டமென்றால் கவனம்: ரொறன்ரோவில் இரவு எட்டு மணி இங்கே விடியற்காலை.

முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டு வருவதும் நடக்கிறது. "எல்லாரும் அழுதவங்கள், எனக்குச் சரிவராது." ஒவ்வொரு குழுவும் தன்னைத்தானே நடத்திக்கொள்கிறது, அதனால் ஒன்றைப் போல இன்னொன்று இராது. கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, முறை வரும்போது "இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தனான்" என்று சொன்னால் போதும், வற்புறுத்த மாட்டார்கள். "நான் கள்ளு மட்டும்தான், இவர்கள் அளவுக்கு இல்லை" என்ற எண்ணம் அந்தக் கதிரையில் இருக்கும்போது கட்டாயம் வரும். தவறணையா, போத்தலா என்பதை விடுங்கள். ஒன்று குடித்த பிறகு நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். சில தரம் போய்ப் பார்த்த பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால் வேறு குழுவுக்கு மாறுங்கள், அதில் குற்றமில்லை.

ஆனால் சில இடங்களை விட்டு உடனே எழுந்து வர வேண்டும். ஏஏயில் கட்டணம் இல்லை. விரும்பினால் உண்டியலில் போடலாம், அவ்வளவுதான். கட்டாயமாகக் காசு கேட்டால், வைத்தியர் தந்த மருந்தை நிறுத்தச் சொன்னால், நாலு பேர் முன்னால் ஒருவரைக் கூனிக் குறுக வைத்தால் அந்த இடம் வேண்டாம். பெண்களுக்கு இன்னொன்று. எங்கள் ஊரில் குடிக்கும் பெண் இரட்டிப்பாக ஒளிந்து வாழ்கிறாள். ஏஏயில் புதிதாக வருபவருக்குப் பழைய உறுப்பினர் ஒருவர் வழிகாட்டியாக இருப்பார். அதற்கு ஒரு பெண்ணையே கேளுங்கள். நேரில் கிடைக்காவிட்டால் பெண்களுக்கான இணையக் கூட்டங்கள் இருக்கின்றன.

கூட்டம் தேவாலய மண்டபத்தில் நடந்தால், மதம் மாற்றப் போகிறார்கள் என்று சைவக் குடும்பங்கள் பயப்படுவதுண்டு. ஏஏ எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல, மலிவாகக் கிடைக்கும் மண்டபத்தை எடுக்கிறார்கள். குடியை விட ஏஏ சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் பேச்சு வருவது உண்மை. அந்தக் கடவுள் நல்லூர்க் கந்தனாகவும் இருக்கலாம். கடவுளே வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்மார்ட் ரிக்கவரி போன்ற வேறு முறைகள் இணையத்தில் உள்ளன.

கடைசியாக வீட்டுக்காரருக்கு. கூட்டத்துக்கு வரமாட்டேன் என்கிறார் என்பதற்காக, சொல்லாமல் கொள்ளாமல் சோற்றிலோ கோப்பியிலோ மருந்து கலக்காதீர்கள். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் என்ற மருந்து உடம்பில் இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் இரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். குடிப்பவரின் குடும்பத்துக்கென்றே 1951 முதல் அல்-அனான் என்ற தனி அமைப்பு இருக்கிறது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன். அவர் குடியை விடும்வரை காத்திருக்கத் தேவையில்லை, அடுத்த கூட்டத்துக்கே போகலாம்.