'புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு': இந்தச் செய்தியை எப்படிப் படிப்பது?

ஆய்வகத்தில் புற்றுநோய் செல்களை வளர்த்து, பிறகு கொன்று பார்ப்பதுதான் என் வேலை. அதனால் இப்படி ஒரு செய்தி எங்கே வந்தாலும் யாராவது எனக்கு அனுப்பிவிடுவார்கள். கூடவே ஒரு கேள்வியும் வரும். ஒன்று, "எப்போது கடைக்கு வரும்?" இல்லையென்றால், "எங்கே வரவிடுவார்கள், கம்பெனிகள் அமுக்கிவிடும்தானே?" நான் எப்படிப் படிக்கிறேன் என்று சொல்கிறேன்.

முதலில், செல்கள் எங்கே செத்தன என்று தேடுங்கள். தட்டிலா, எலியிலா, மனிதரிலா? தலைப்பில் அது இருக்காது. கடைசிப் பத்திகளில் எங்கோ "ஆய்வகச் சூழலில்" என்று ஒதுங்கியிருக்கும்.

தட்டு என்றால் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக், அதில் 96 குழிகள். ஒவ்வொரு குழியிலும் சில ஆயிரம் செல்கள், இளஞ்சிவப்பு ஊட்டத் திரவம், 37 டிகிரி சூடு. மருந்தை வெவ்வேறு அளவில் விட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தைச் சேர்ப்போம். உயிருள்ள செல்கள் அதை ஊதாவாக்கும். ஊதா வெளுத்திருந்தால் மருந்து ஏதோ செய்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். அந்தக் குழிக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, மருந்தை உடைத்துத் தள்ளும் கல்லீரலும் கிடையாது. உப்பை அள்ளிப் போட்டாலும் செல்கள் செத்துத்தான் போகும். அதனால் பக்கத்துக் குழிகளில் நல்ல செல்களுக்கு என்ன ஆயிற்று என்று அந்தச் செய்தி சொல்கிறதா, பாருங்கள்.

அப்புறம், அளவு. மஞ்சளில் இருக்கும் குர்குமின் தட்டில் பல வகைப் புற்றுநோய் செல்களைக் கொல்லும். வாய்வழியாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் மிகக் கொஞ்சம்தான் சேரும். போதாததற்கு அதுவே மஞ்சள் நிறம் என்பதால், நிறத்தை வைத்து அளக்கும் சோதனைகளைக் குழப்பவும் செய்யும்.

எலி என்றால் ஒரு படி மேலே, ஆனால் எலி எலிதான். 1998இல் அமெரிக்க ஆய்வாளர் ஜூடா ஃபோக்மன் ஆய்வகத்தின் எண்டோஸ்டாடின் என்ற மருந்து, கட்டிக்குப் போகும் ரத்தக் குழாய்கள் வளர்வதைத் தடுத்து எலிகளின் கட்டிகளைச் சுருக்கியது. நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் போட்டது. மருந்து நிறுவனத்தின் பங்கு விலை எகிறியது. எலியில் கண்டது மனிதரில் கிடைக்கவில்லை. அதற்காக அவர் சொன்னது பொய்யாகிவிடாது: ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் அதே யோசனையில் பெவசிசுமாப் என்ற மருந்து 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

மனிதர் என்றால், எத்தனை பேர், எந்த வகை நோய் என்று கேளுங்கள். 2022இல் டோஸ்டார்லிமாப் என்ற மருந்து கொடுத்த மலக்குடல் புற்றுநோயாளிகள் 12 பேருக்கும் கட்டி மறைந்தது. உண்மையிலேயே அசத்தலான முடிவு. ஆனால் அவர்கள் எல்லாருடைய கட்டிகளிலும் டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் அமைப்பு பழுதாகியிருந்தது. மலக்குடல் புற்றுநோயில் அந்த வகை சிறுபான்மை. "புற்றுநோய்க்கு மருந்து" என்று எழுதியவர்கள் இதை விட்டுவிட்டார்கள்.

சரி, அமுக்குகிறார்களா? இதில் பாதி நியாயம் இருக்கிறது. 2007இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் டைகுளோரோஅசிடேட் புற்றுநோய்க்கு உதவலாம் என்று ஓர் ஆய்வை வெளியிட்டது. மலிவான பழைய ரசாயனம். காப்புரிமை லாபம் இல்லாததால் கம்பெனிகள் தொடவில்லை என்று கோபம் கிளம்பியது. ஆய்வாளர்கள் நன்கொடை திரட்டிச் சோதித்தார்கள். 2010இல் மூளைக் கட்டி நோயாளிகள் 5 பேரின் முடிவுகள் வந்தன: நம்பிக்கை தரும் அறிகுறி உண்டு, நிரூபணம் இல்லை. அதற்குள் பலர் தாங்களே வாங்கிச் சாப்பிட்டார்கள். நரம்புகளைப் பாதிக்கக்கூடிய பொருள் அது. லாபமில்லாத மருந்து கிடப்பில் கிடக்கும், அது நிஜம். ஆனால் வேலை செய்யும் மருந்தைக் கம்பெனி ஒளித்து வைக்காது, விற்கத்தான் பார்க்கும். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்த வின்கிறிஸ்டின் 1960களிலிருந்து கீமோவில் ஓடுகிறது. ரத்தப் புற்றுநோய் மருந்தான இமாடினிப் 1998இல் மனிதரிடம் சோதனைக்கு வந்து 2001இல் அனுமதியே வாங்கிவிட்டது.

சந்தேகப்பட வேண்டிய இடம் வேறு. ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனத்தார் 53 முக்கியப் புற்றுநோய் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்து, 6 மட்டுமே உறுதிப்பட்டதாக 2012இல் எழுதினார்கள். அதனால் வேறொரு ஆய்வகமும் அதே முடிவைக் காணும்வரை நான் எதையும் யாருக்கும் அனுப்புவதில்லை.

வீட்டில் நோயாளி இருந்தால் மருந்தின் பெயரைக் குறித்துக்கொண்டு கிளினிக்கல்ட்ரயல்ஸ் டாட் கவ் (ClinicalTrials.gov) என்ற இணையப் பதிவேட்டில் தேடுங்கள். மனிதர்களிடம் சோதனை நடந்தால் பெரும்பாலும் அதில் இருக்கும். இருந்தால் சிகிச்சை தரும் மருத்துவரிடம், "இதில் சேர இவருக்குத் தகுதி உண்டா?" என்று கேளுங்கள். நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை மட்டும் அதுவரை நிறுத்த வேண்டாம். சோதனை மருந்துக்கே பெரிய தொகை கேட்கிறார்கள் என்றால், கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாள்களை அதே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.