சேவல் படமும் ஆட்சென்ஸ் விதியும்: பிறர் எழுதும் தளத்தை நடத்துவோருக்கு

தாராபுரம் பக்கத்திலிருந்து நாங்கள் நடத்துவது ஆடு, மாடு, நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கான கேள்வி பதில் தளம். கேட்பவர்களும் உறுப்பினர்கள், பதில் சொல்பவர்களும் உறுப்பினர்கள். சர்வர் வாடகை, படங்களைச் சேமிக்கும் செலவு எல்லாவற்றையும் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் தரும் வருமானம்தான் தாங்குகிறது. அது நின்றால், கன்று ஈன்ற மாடு எழ மாட்டேன் என்கிறதே என்று நடுராத்திரியில் கேட்கிறவருக்குப் பதில் சொல்ல இடம் இருக்காது. நம் தமிழ்த் தளங்கள் பலவற்றுக்கும் இதே நிலைமை என்பதால், நாங்கள் கடைப்பிடிக்கும் முறையை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. "எழுதியது நான் இல்லையே" என்ற வாதத்துக்குச் சட்டத்தில் ஓரளவு இடம் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 79ஆம் பிரிவு, பிறர் பதிவுகளைத் தாங்கி நிற்கும் தளத்துக்குச் சில நிபந்தனைகளோடு பாதுகாப்பு தருகிறது. விளம்பர ஒப்பந்தம் அப்படியல்ல. அங்கே நீங்கள் பப்ளிஷர், அதாவது வெளியீட்டாளர். விளம்பரக் கோட் ஓடும் பக்கத்தில் யார் எதை எழுதியிருந்தாலும், எந்தப் படத்தைப் போட்டிருந்தாலும் பொறுப்பு உங்களுடையது. 79ஆம் பிரிவைக் காட்டி கூகுளிடம் மேல்முறையீடு செய்து பயனில்லை.

இதிலிருந்துதான் எங்கள் முறையே பிறந்தது. ஒரு பதிவை வெளியிடுவது ஒரு முடிவு; அந்தப் பக்கத்தில் விளம்பரம் ஓடவிடுவது வேறொரு முடிவு. இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். கட்டினால், விளம்பரத்துக்குப் பயந்து உறுப்பினர்களின் நல்ல பதிவுகளை அழிக்கத் தொடங்குவீர்கள், அல்லது பதிவுகளைக் காப்பாற்றப் போய்க் கணக்கை இழப்பீர்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் 'விளம்பரம் உண்டு / இல்லை' என்று ஒரு புலத்தை டேட்டாபேஸில் சேருங்கள். புதுக் கேள்விக்கு அது 'இல்லை' என்றே தொடங்கட்டும். பதிவுகளைச் சரிபார்க்கும் மாடரேட்டர் ஒருவர் படித்துப் பார்த்த பிறகுதான் 'உண்டு' ஆக வேண்டும். புதுப் பதில் வந்தாலும், பழைய பதிவை யாராவது திருத்தினாலும் மறுபடி 'இல்லை'க்குத் திரும்ப வேண்டும். இந்தக் கடைசி விதியை விட்டுவிடாதீர்கள். ஸ்பேம் ஆட்கள் முதலில் "நல்ல தகவல் ஐயா" என்று எழுதிவிட்டு, பக்கம் கூகுள் தேடலில் ஏறிய பிறகு திருத்திச் சூதாட்ட லிங்கைச் செருகுவார்கள்.

இனி எதை எங்கே வைப்பது? கூகுளிடம் இரண்டு பட்டியல்கள் உண்டு. பப்ளிஷர் பாலிசி பட்டியலில் உள்ளவை இருக்கும் பக்கத்தில் விளம்பரமே கூடாது. ரெஸ்ட்ரிக்‌ஷன் பட்டியலில் உள்ளவை இருந்தால் விளம்பரம் குறையும், சில சமயம் எதுவுமே வராது. துப்பாக்கி, புகையிலை, இணையத்தில் மது விற்பனை, சூதாட்டம், அதிர்ச்சி தரும் படங்கள் முதலியவை இரண்டாவது பட்டியலைச் சேர்ந்தவை. இவற்றோடு நம் நாட்டுச் சட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று கூடைகள் வரும்: தளத்திலிருந்தே நீக்க வேண்டியவை, விளம்பரமில்லாமல் வைக்க வேண்டியவை, விளம்பரத்தோடு வைக்கலாம் என்பவை.

எங்களுக்கு அதிக வேலை வைப்பது சேவல். பொழுதுபோக்குக்காக விலங்குகளை வதைப்பதை ஊக்குவிக்கும் பக்கத்தில் விளம்பரம் கூடாது என்கிறது பாலிசி. சேவல் சண்டையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் கொங்கு நாட்டில் சேவல் வளர்ப்பு என்பது சண்டை மட்டுமல்ல. கிளிமூக்கு விசிறிவால் சேவலை அழகுக்காகவே வளர்க்கிறார்கள், கண்காட்சி வைக்கிறார்கள். அசில் இனத்தைக் காப்பதற்கென்றே வளர்ப்பவர்கள் உண்டு. ஆகவே இனம், தீவனம், வெள்ளைக்கழிச்சல், தடுப்பூசி பற்றிய பக்கங்கள் விளம்பரத்தோடு ஓடும். சேவல்கட்டின், அதாவது சேவல் சண்டையின், வரலாற்றைப் பேசும் பக்கம் விளம்பரமில்லாமல் இருக்கும். கத்தி கட்டுவது எப்படி, பந்தயம் எங்கே என்று சொல்லும் பதிவு தளத்திலேயே இருக்காது. சண்டைக்குத் தூண்டுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதை விளம்பர விதியோடு போட்டுக் குழப்பிக்கொள்ளத் தேவையே இல்லை.

இதே அளவுகோலை மற்றவற்றுக்கும் வையுங்கள். ஜல்லிக்கட்டு சட்டப்படி நடக்கிறது. உச்சநீதிமன்றமும் 2023 மே மாதம் தமிழ்நாட்டுச் சட்டத்தை உறுதி செய்தது. ஆனாலும் குத்துப்பட்டு ரத்தம் வழியும் படம் அதிர்ச்சிப் பட்டியலில் வரும், அந்தப் பக்கத்தில் விளம்பரத்தை நிறுத்துங்கள். கள் இறக்க அனுமதி வேண்டும் என்ற விவாதம் இருக்கலாம். போத்தல் விலையும் போன் நம்பரும் இருக்கக் கூடாது. காட்டுப்பன்றிக்கு வேலி போடுவதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும். காட்டு விலங்கைக் கொல்ல வைக்கும் நாட்டு வெடியான அவுட்டுக்காயின் செய்முறை வந்தால் யோசிக்காமல் நீக்குங்கள். அதைக் கடித்து வாய் சிதறிப் பட்டினியாலேயே செத்த யானைகள் உண்டு. பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை, மண்ணுளிப் பாம்பு விற்பனை வந்தாலும் அப்படியே. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே அதற்கு எதிராக நிற்கிறது.

சரி, இவ்வளவையும் யார் படிப்பது? சொல் வடிகட்டி ஒன்று வைத்தே ஆக வேண்டும். ஆங்கிலத் தளங்களுக்கான வடிகட்டியைத் தமிழுக்கு அப்படியே மாட்டினால் அது நாசம்தான் செய்யும். பட்டியலில் 'கள்' என்று சேர்த்தால் மாடுகள், ஆடுகள், கோழிகள் எல்லாம் சிக்கிவிடும். 'சரக்கு' என்று சேர்த்தால் நாட்டு மருந்துக் கடைச்சரக்கும் தீவனச் சரக்கு லாரியும் மாட்டும். "வல்லூறு விற்பனைக்கு", "கீரி விற்பனைக்கு" என்று வந்தால் காட்டு உயிர் விற்பனை என்று வெளியாள் பதறிப்போவார். இரண்டும் சேவலின் நிறப் பெயர்கள். எனவே வடிகட்டி எதையும் தானாக அழிக்கக் கூடாது. விளம்பரத்தை நிறுத்தி, பதிவை மாடரேட்டரின் வரிசைக்கு அனுப்பட்டும், அது போதும். அந்த மாடரேட்டர் வட்டாரச் சொல் தெரிந்தவராக இருக்க வேண்டும். எந்தக் கருவியையும்விட நான் இதைத்தான் நம்புகிறேன்.

யூனிகோடிலும் கவனம் தேவை. 'கொ' என்பதன் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் பதிவாகலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் பதிவாகலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஒப்பிடும் முன், இரண்டையும் ஒரே வடிவமாக்கும் என்.எஃப்.சி. என்ற யூனிகோட் முறையில் ஒழுங்குபடுத்தினால் இது சரியாகிவிடும். ஏமாற்றுவதற்காகவே செய்யும் மாற்றங்கள் அதில் சரியாகாது: துணைக்காலுக்குப் பதில் 'ர' போடுவார்கள், 'க'வுக்குப் பதில் ஒன்று என்ற தமிழ் எண்ணை ('௧') போடுவார்கள், கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகலக் குறியை நடுவில் நுழைப்பார்கள். இவற்றுக்கு நீங்களே ஒரு மாற்றுப் பட்டியல் எழுத வேண்டும். ஆனால் 'ஒள' எல்லாவற்றையும் 'ஔ' ஆக்கிவிடாதீர்கள், 'ஒளி' கெட்டுப்போகும். மாற்றிய வடிவத்தைச் சோதனைக்கு மட்டும் பயன்படுத்துங்கள், உறுப்பினர் எழுதிய மூலத்தைத் தொடாதீர்கள். தங்கிலீஷில் எழுதுபவர்கள் ஏராளம் என்பதால் ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த எழுத்துக்கூட்டல்களையும் சேர்த்துவிடுங்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது பக்க முகவரி. "முர்ரா எருமை விற்பனைக்கு" என்று தலைப்பு எழுதி, அதிலேயே செல்போன் எண்ணையும் சேர்ப்பது நம் ஆட்களின் வழக்கம். தலைப்பிலிருந்து பக்க முகவரி தானாக உருவாகும் தளமென்றால், அந்த எண் விளம்பரக் கோரிக்கையோடு கூகுளுக்குப் போய்விடும். தனிநபரை அடையாளம் காட்டும் தகவலை அப்படி அனுப்புவதும் விதிமீறல்தான். முகவரி உருவாகும் இடத்தில் நீளமான எண்களையும் மின்னஞ்சலையும் நீக்கிவிடுங்கள். கேள்வியின் வரிசை எண்ணை மட்டுமே முகவரியாக வைத்தால் இன்னும் நல்லது.

விளம்பரமே வேண்டாத பக்கங்கள் சில உண்டு: உள்நுழைவு, 404 பிழை, நன்றி சொல்லும் பக்கம், பதில் வராத ஒற்றை வரிக் கேள்வி, உறுப்பினரின் வெற்று சுயவிவரம். தளத்தின் உள் தேடல் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; யாரோ தட்டிய ஆபாசச் சொல் அங்கே பெரிய எழுத்தில் தலைப்பாக நிற்கும்.

நாளிதழ்க் கட்டுரையையும் வேளாண் பல்கலைக்கழகக் கையேட்டையும் முழுதாக வெட்டி ஒட்டுவது வேறொரு தலைவலி. இரண்டு வரி மேற்கோளும் மூலத்துக்கு லிங்கும் இருக்கட்டும், மீதி போகட்டும். உறுப்பினர் போடும் லிங்குகளுக்கு, பயனர் போட்ட லிங்க் இது என்று காட்ட கூகுள் 2019இல் கொண்டுவந்த யு.ஜி.சி. (ugc) குறியைத் தானாகச் சேர்க்கும்படி வையுங்கள். புது உறுப்பினர் சில பதில்கள் எழுதி ஏற்கப்படும் வரை லிங்க் போட முடியாதபடி செய்தால் ஸ்பேம் பாதி குறையும்.

பிரான்ஸ், ஜெர்மனி, நார்வே, லண்டன் என்று பல இடங்களிலிருந்தும் நம் மக்கள் படிக்கிறார்கள். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியிலும் பிரிட்டனிலும் உள்ளவர்களுக்கு அவரவர் ஆர்வத்துக்கேற்ற விளம்பரம் காட்ட, வாசகரின் சம்மதம் கேட்கும், கூகுள் சான்றளித்த ஒப்புதல் கருவி 2024 ஜனவரி 16 முதல் வேண்டும். ஆட்சென்ஸிலேயே இலவசமாக ஒன்று இருக்கிறது, அதை இயக்கினால் போதும்.

ஆட்சென்ஸின் பாலிசி சென்டரைத் தினமும் ஒருமுறை திறந்து பாருங்கள். எந்தப் பக்கம், எந்த விதி என்று அங்கே தெரியும். பதிவை நீக்கலாம், அல்லது அந்தப் பக்கத்தில் விளம்பரக் கோட் வரியை மட்டும் எடுக்கலாம். இரண்டும் ஏற்கத்தக்க தீர்வுகளே. ஒரு பக்கம் சிக்கினால், அதே மாதிரிப் பக்கங்கள் எல்லாவற்றையும் தேடிச் சரிசெய்த பிறகே மறுபரிசீலனை கேளுங்கள். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் பதில் வந்துவிடும்.

கடைசியாக, உறுப்பினர்களோடு பேசும் விதம். பாசத்தில் "விளம்பரத்தை அழுத்தி நம்ம தளத்தை ஆதரிங்க" என்று எழுதும் அண்ணன் ஒருவர் எல்லாத் தளத்திலும் இருப்பார். அது கணக்கையே முடக்கும் அளவு கடுமையான மீறல். அவரைக் கூட்டத்தில் வைத்துக் கண்டிக்காதீர்கள், தனிச்செய்தி அனுப்புங்கள். நாங்கள் அனுப்புவது இது: "அண்ணா, உங்கள் அன்புக்கு நன்றி. விளம்பரத்தை அழுத்தச் சொல்வது விதிப்படி கூடாது, அதனால் அந்த வரியை மட்டும் எடுத்திருக்கிறோம். உங்கள் பதில் அப்படியே இருக்கிறது. உதவ வேண்டுமென்றால், பதில் வராமல் கிடக்கும் கேள்விகளைக் கொஞ்சம் பாருங்கள்." எதை எடுத்தோம், ஏன் எடுத்தோம், எது மிச்சம் இருக்கிறது என்று மூன்றையும் சொல்லிவிட்டால் பெரும்பாலும் யாரும் கோபித்துக்கொண்டு போவதில்லை. பலர் அதன்பிறகு தாங்களே தப்பான பதிவுகளைப் பார்த்துப் புகார் பொத்தானை அழுத்துகிறார்கள்.