யூனிட் ரூட் சோதனைக்கு எத்தனை லேக் வைப்பது?

ஒரு காலத்தொடரில் யூனிட் ரூட் இருக்கிறதா, அதாவது அதிர்ச்சிகள் மறையாமல் தங்கி அது நிலையற்றதாக இருக்கிறதா என்று பார்ப்பது ஏடிஎஃப் (ADF, ஆக்மென்டட் டிக்கி-ஃபுல்லர்) சோதனை. ஒரே தொடருக்கு அதைப் போட்டால் ஆர் (R) மென்பொருளில் ஒரு விடை, ஸ்டேட்டாவில் (Stata) இன்னொரு விடை வருகிறதா? முதலில் லேக் எண்ணைப் பாருங்கள், அதாவது சோதனைச் சமன்பாட்டில் தொடரின் எத்தனை முந்தைய மாற்றங்களைச் சேர்க்கிறோம் என்பதை. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் மென்பொருள் தானாக ஒன்றை வைத்துக்கொள்ளும். 200 தரவுப்புள்ளிகள் என்றால் ஆரின் டிசீரீஸ் (tseries) தொகுப்பு 5 லேக் வைக்கும், ஆரின் இன்னொரு தொகுப்பான யுஆர்சிஏ (urca) 1, ஸ்டேட்டாவின் டிஎஃப்புல்லர் (dfuller) கட்டளை 0. பைத்தானின் ஸ்டேட்ஸ்மாடல்ஸோ 15 வரை போட்டுப் பார்த்து ஏஐசி (AIC, மாதிரியின் பொருத்தத்தையும் சிக்கலையும் சேர்த்து எடைபோடும் அளவுகோல்) கைகாட்டுவதை எடுக்கும். டிசீரீஸ் டிரெண்டையும் எப்போதும் சேர்த்துக்கொள்ளும், அதனாலும் விடை மாறும்.

லேக் சேர்ப்பதே எச்சங்களில் (சமன்பாடு விளக்காமல் விட்ட பகுதியில்) தன்தொடர்பு, அதாவது தன் முந்தைய மதிப்புகளோடான தொடர்பு, மிஞ்சாமல் இருக்கத்தான். குறைவாக வைத்தால் யூனிட் ரூட் உள்ள தொடரையும் நிலையானது என்று சோதனை தவறாகச் சொல்லிவிடக்கூடும். அதிகமாக வைத்தால் ஒவ்வொரு லேக்குக்கும் ஒரு தரவுப்புள்ளி போய், சோதனையின் திறன் (நிலையான தொடரை நிலையானது என்று கண்டுபிடிக்கும் ஆற்றல்) குறையும். இரண்டில் முதல் தவறுதான் மோசம் என்பது என் எண்ணம், அதனால் கொஞ்சம் தாராளமாகவே தொடங்குவேன்.

சரி, லேக்கின் உச்சவரம்புக்கு 1989-இல் பொருளியலாளர் ஷ்வெர்ட் சொன்ன விதி போதும்: தரவு எண்ணிக்கையை 100-ஆல் வகுத்து, அதன் நான்காம் மூலத்தை 12-ஆல் பெருக்கி, பின்னத்தை விட்டுவிடுங்கள். 100-க்கு 12 வரும், 200-க்கு 14. மாதத் தரவு 80 மட்டும் இருந்தால் 11-தான் வரும், ஆனால் பருவகாலத் தாக்கம் 12-ஆம் லேக்கில் ஒளிந்திருக்கலாம் என்பதால் அங்கே நான் 12 அல்லது 13 வைப்பேன்.

அங்கிருந்து கீழே இறங்குங்கள். கடைசி லேக்கின் டி மதிப்பு (அதன் கெழுவைத் திட்டப்பிழையால் வகுத்தது), குறியை விட்டுப் பார்த்தால், 1.6-க்குக் கீழே இருந்தால் அதை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள், தாண்டும் இடத்தில் நிறுத்துங்கள். ஏஐசியும் பயன்படுத்தலாம். கூடுதல் லேக்கை இன்னும் கடுமையாகத் தண்டிக்கும் பிஐசி (BIC) பல நேரம் லேக்கை மிகவும் சுருக்கிவிடும். யுஆர்சிஏவில் ஏஐசி என்று மட்டும் கொடுத்து லேக்ஸ் (lags) என்ற அமைப்பை அப்படியே விட்டால் உச்சவரம்பு 1 ஆகிவிடும், தேர்ந்தெடுக்க ஒன்றுமே இருக்காது. நிறையப் பேர் இதைக் கவனிப்பதில்லை. ஏஐசியைக் கையால் ஒப்பிடுகிறீர்கள் என்றால் எல்லா ஓட்டத்துக்கும் ஒரே தரவு வீச்சை வையுங்கள், இல்லாவிட்டால் அந்த எண்களை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

அப்புறம் எச்சங்களுக்கு பிரூஷ்-காட்ஃப்ரே சோதனை போட்டு, தன்தொடர்பு மிச்சமிருந்தால் லேக்கைக் கூட்டுங்கள். ஆனால் ஏடிஎஃப் சோதனையின் பி மதிப்பைப் பார்த்துவிட்டு லேக்கை மாற்றவே கூடாது. பக்கத்து லேக்குகளில் முடிவு புரண்டால் இரண்டையும் லேக் எண்ணோடு அட்டவணையில் போடுங்கள்.