மூன்று ஸ்பீடு புளோவர்: புது மோட்டாரை நாமே எரிக்கும் விதம்

ஊட்டியை அடுத்த கேத்தி பக்கத்துக் காளான் பண்ணைக்காரர் ஒருவர் போன மழையில், ஷெட்டுக்குக் காற்றுத் தள்ளும் புளோவரின் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "புது மோட்டாருங்ணா, மாட்டி அரை மணி நேரம்கூட ஓடல." கவரைக் கழற்றியதுமே வார்னிஷ் கருகிய வாடை. குறை மோட்டாரில் இல்லை. ஷெட்டுக்கு ஹை ஸ்பீடு மட்டும் போதும் என்று, மீதியிருந்த மீடியம், லோ வயர் இரண்டையும் சேர்த்து முறுக்கி, டேப் சுற்றி அழகாக மடக்கி வைத்திருந்தார்கள்.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். மூன்று ஸ்பீடு என்றால் உள்ளே மூன்று தனித்தனி காயில் இல்லை. ஒரே சுற்றில் நடுநடுவே எடுத்த கிளைகள்தான். ஹையில் ஓடும்போதும் மற்ற வயர்களில் மின்சாரம் இருக்கும். 230 வோல்ட்டுக்கு மேலேகூட இருக்கும். இரண்டு கிளைகளைச் சேர்த்துவிட்டால் இடையில் உள்ள சுற்றுகள் ஒரு மூடிய வளையமாகிவிடும். டிரான்ஸ்பார்மரின் ஒரு பகுதியை ஷார்ட் செய்தது போலத்தான். வளையத்துக்குள்ளேயே கரண்ட் சுற்றிச் சுற்றிக் காயிலைக் கருக்கிவிடும். பயன்படுத்தாத வயர் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மூடுங்கள்.

மூன்று ஸ்பீடுக்கு மூன்று சாதா சுவிட்ச் வைப்பதும் இதே தவறுதான். யாராவது இரண்டை ஒன்றாகப் போட்டால் கதை முடிந்தது. ஒரு நேரத்தில் ஒரு ஸ்பீடு மட்டுமே சேரும் ரோட்டரி சுவிட்ச்தான் வேண்டும். அது தேய்ந்து இரண்டு பாயிண்ட்டையும் ஒன்றாகத் தொடுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பதும் நல்லது.

கறுப்பு ஹை, சிவப்பு லோ என்று மனப்பாடம் செய்தவர்கள் கம்பெனி மாறினால் ஏமாறுவார்கள். மோட்டார் மேல் ஒட்டிய வயரிங் படம் கிழிந்திருந்தால் மீட்டரில் ஓம்ஸ், அதாவது மின்தடை, அளப்பதே வழி. கண்டென்சர் (மோட்டார் சுற்ற உதவும், மின்சாரத்தைத் தேக்கும் டப்பா) வயர்களைத் தனியே ஒதுக்கிவிட்டு, காமனிலிருந்து (எல்லா ஸ்பீடுக்கும் பொதுவான வயர்) ஒவ்வொரு ஸ்பீடு வயருக்கும் அளந்து பாருங்கள். ஹையில் அளவு குறைவு, லோவில் அதிகம். உதாரணமாக காமன்–ஹை 12 ஓம்ஸ், காமன்–லோ 22 என்றால், ஹை–லோ 10 வரவேண்டும். கணக்கு இடித்தால் காமன் என்று நீங்கள் நினைத்தது காமன் இல்லை, அல்லது காயிலில் கோளாறு.

மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை. உடனே காயிலைப் புதிதாகச் சுற்ற ரீவைண்டிங்குக்கு அனுப்பாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு புளோவர் இலையைக் கையால் சுற்றுங்கள். லேசாகச் சுற்றினால் பேரிங் பரவாயில்லை, சந்தேகம் கண்டென்சர் மேல். அதைத் தொடுமுன் பழைய குண்டு பல்பு ஒன்றின் வயர்களை அதன் இரு முனையில் வைத்து சார்ஜை இறக்கிவிடுங்கள். ஸ்குரூடிரைவரை வைத்துப் பொறி பறக்கவிடும் வித்தை வேண்டாம். மாற்றும்போது மைக்ரோபாரட் (கண்டென்சரின் கொள்ளளவு) அதே அளவில் இருக்கட்டும். கூட்டிப் போட்டால் வேகம் பெரிதாகக் கூடாது, சூடுதான் கூடும். சப்ளை 230 என்பதால் வோல்ட்டைக் குறைத்து வாங்குவதும் தப்பு. ஓடும்போது கண்டென்சர் முனையில் அதைவிட அதிகம் இருக்கும், அதனால்தான் 440 என்று போட்டிருக்கிறார்கள்.

நம்ம ஊர் விஷயம் ஒன்று. பொதுவாக மோட்டார் ரேட்டிங் 1000 மீட்டர் உயரம் வரைக்கும்தான். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். மெலிந்த காற்று சூட்டைக் குறைவாகவே எடுத்துப்போகும். குளிர் கைகொடுக்கிறது, ஆனால் காளான் ஷெட்டின் ஈரம் கெடுக்கிறது. மாதக்கணக்கில் சும்மா கிடந்த மோட்டாரை நேராக சுவிட்சில் போடாதீர்கள். கண்டென்சரைக் கழற்றிவிட்டு, காயிலுக்கும் பாடிக்கும் இடையே 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பாருங்கள். 1 மெகா ஓம்ஸுக்குக் கீழே காட்டினால், ஒரு பெட்டிக்குள் மோட்டாரையும் எரியும் 60 வாட் குண்டு பல்பையும் ஒன்றையொன்று தொடாமல் வைத்து, காற்றுப் போக இடுக்கு விட்டு மூடுங்கள். ஓர் இரவு கழித்து மறுபடி அளந்தால் பெரும்பாலும் ஏறியிருக்கும். ஏறாவிட்டால் மட்டும் வைண்டரிடம் போங்கள்.